மந்தி மொழி, முதலாம் ஆண்டு

தும்பை என்ற புள்ளிமான் குட்டிக்கு மந்தி மொழி நாக்கில் ஏறவே இல்லை. வகுப்பில் இருந்த பதின்மூன்று குட்டிகளில் அவள்தான் கடைசி. பதின்மூன்று பேரில் கடைசியாக வருவதற்கும் ஒரு விடாமுயற்சி வேண்டும். அது அவளிடம் இருந்தது.

மான்களுக்கு எதற்கு மந்தி மொழி? நியாயமான கேள்வி. அந்தக் கோடையில் பழைய காட்டில் தண்ணீர் வற்றிவிட்டது. மான் கூட்டம் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக் காட்டுக்குக் குடிவந்தது. அங்கே தண்ணீர் இருந்தது. மான்களின் காதுக்கு மேல் உயர்ந்த புல் இருந்தது. அந்தப் புல்லுக்குள் புலியும் இருந்தது.

குடிவந்த நான்காம் நாள் தும்பையின் அக்கா அல்லி மேயப் போனாள். மரத்தின் மேலிருந்து மந்திகள் தொண்டை கிழியக் கத்தின. "இந்தக் குரங்குங்களுக்கு வேற வேலையே இல்ல!" என்று சொல்லிவிட்டு எல்லாரும் தலையைக் குனிந்து மேய்ந்தார்கள். அல்லி திரும்பி வரவில்லை.

"புல்லுக்குள்ள இருக்கறது மரத்து மேல இருக்கறவங்களுக்குத் தெரியுது. அவங்க சொல்றதுதான் நமக்குப் புரியல. புரிஞ்சிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பாளே!" என்று தும்பையின் அம்மா செவந்தி விழுந்து புரண்டு அழுதாள்.

கூட்டம் கூடிப் பேசியது. பெரியவர்களுக்கு இனி நாக்கு வளையாது, பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று முடிவானது. பால்குடி மறந்த, கொம்பு முளைக்காத குட்டிகளைப் பொறுக்கினார்கள். நம் வீடுகளில் ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில், யார் சொல்வதையும் கேட்காமல் ஒரு கூட்டம் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த வயது.

வாத்தியாராகக் கொம்பையா என்ற கிழக் கலைமான் வந்தார். ஒரு காலத்தில் கால் ஒடிந்து, கோடை முழுவதும் மந்திகள் வாழ்ந்த மரத்தடியில் படுத்துக் கிடந்தவர் அவர். அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய படிப்பு யாருக்கும் இல்லை.

வகுப்பு ஒரு நாவல் மரத்துக்கு எதிரே நடந்தது. கொம்பையா ஒரு சொல்லைச் சொல்வார். குட்டிகள் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பாடமே ஒற்றைச் சொல்தான்.

"கக்கர்ஹோ!" என்றார் கொம்பையா.

"கக்கர்ஹோ!" என்றன பதின்மூன்று குட்டிகள்.

"அடிவயித்துல இருந்து வரணும். கக்கர்ஹோ!"

"கக்கர்ஹோ!"

தும்பை முன்காலைத் தூக்கினாள். "ஐயா, அதுக்கு என்ன அர்த்தம்?"

கொம்பையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அர்த்தம் ரெண்டாம் வருஷத்துல வரும். முதல் வருஷம் உச்சரிப்பு."

"ஆனா ஐயா, மந்தி கத்தினா என்ன சொல்லுதுன்னு தெரியத்தானே..."

"நீ இப்ப எந்த மொழியில பேசறே?"

"மான் மொழியில."

"வகுப்புல மான் மொழி பேசலாமா?"

கூடாது. அப்படி ஒரு சட்டம் இருந்தது. மீறினால் மூன்று காலில் நிற்க வேண்டும், நாவல் மரத்தடியில், வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி. அர்த்தம் கேட்பதற்கு மந்தி மொழியில் இன்னும் சொல் கற்றுத்தரப்படவில்லை. எனவே அர்த்தம் கேட்ட எல்லாரும் மரத்தடிக்குத்தான் போனார்கள். மூன்று நாளில் மற்றவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். தும்பை நிறுத்தவில்லை.

வகுப்பின் முதல் மாணவன் எழிலன். அவன் "கக்கர்ஹோ" சொன்னால் மரத்தில் இருக்கும் மந்தியே திரும்பிப் பார்க்கும். தாய்மார்களுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி வந்தால் போதும், "மாமாவுக்கு மந்தி மொழியில ஒண்ணு சொல்லிக் காட்டு கண்ணு!" என்று பிள்ளையை முன்னால் தள்ளினார்கள். பிள்ளை சொல்லும். மாமா காதைப் படபடவென்று அடித்துப் பாராட்டுவார். மான்களுக்குக் கைதட்டல் அதுதான்.

செவந்தியும் மகளைத் தள்ளிப் பார்த்தாள். தும்பை, "கக்கரோ" என்றாள்.

"ஹோ வரலியே அவளுக்கு" என்றார் மாமா.

செவந்திக்கு முகம் சுண்டிப்போனது. "அக்காவ நெனச்சாவது ஒழுங்காப் படிக்கக் கூடாதாடி?" என்று அன்று மாலை கேட்டாள். அக்காவை நினைத்துத்தான் தும்பை அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. புல்லை மென்றாள்.

ஒருநாள் அவள் வழக்கம்போல மரத்தடியில் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு நாவல் பழம் விழுந்தது. மேலே ஒரு மந்திக் குட்டி உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் கருவாயன். மரத்தடியில் மேயும் மான்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு மான் மொழியை அரைகுறையாகப் பிடித்து வைத்திருந்தான். அரைகுறை என்ற வெட்கம் அவனுக்குக் கொஞ்சமும் கிடையாது.

"நீ தினம் இங்க நிக்குது. ஏன் நிக்குது?" என்றான்.

தும்பை சுற்றுமுற்றும் பார்த்தாள். "கக்கரோன்னா என்னன்னு கேட்டேன். அதுக்குத்தான்."

கருவாயன் கிளையில் புரண்டு சிரித்தான். "நீ சொல்றது அசிங்கம்! ஆனா புரியுது." பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "உனக்கு அர்த்தம் தெரியாது? நெசமா தெரியாது?"

"தெரியாது."

கருவாயன் கீழ்க்கிளைக்கு இறங்கினான். நாவல் பழத்தைப் பிழிந்து தன் சாம்பல் உடம்பில் குறுக்குக் குறுக்காகக் கோடு போட்டான். பல்லைக் காட்டினான். வயிற்றைத் தாழ்த்தி, அடிமேல் அடி வைத்துக் கிளையில் ஊர்ந்தான். பிறகு புல்லைக் கையால் காட்டினான்.

"இது. இது வருது. அதுதான் கக்கர்ஹோ."

தும்பையின் தூக்கிய கால் தானாகத் தரையில் இறங்கியது. அக்கா போன அன்று மரத்தின் மேலிருந்து கேட்ட சத்தம் இப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது. அன்று அவர்கள் கத்தியதும் இதைத்தான். எத்தனை முறை கத்தினார்கள்! அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க எல்லாம் பொய்யி" என்றான் கருவாயன் கோபமாக. "தினம் காலை கக்கர்ஹோ, கக்கர்ஹோ! எங்க ஆளுங்க பயந்து உச்சிக்கு ஓடும். பாத்தா புலி இல்ல. மறுநாள் மறுபடி! இப்ப எங்க ஆளுங்க சொல்லுது, மானுக்கெல்லாம் பைத்தியம். இனிமே மானுக்கு யாரும் கத்தாது."

"நீயும் கத்த மாட்டியா?"

கருவாயன் தலையைச் சொறிந்தான். "நீ ஒருத்தி கேட்டா. உனக்கு நான் கத்தும்."

தும்பை வகுப்புக்கு ஓடினாள். "ஐயா! அர்த்தம் தெரிஞ்சுபோச்சு! புலி வருதுன்னு அர்த்தம்!"

கொம்பையாவின் முகம் இறுகியது. "யார் சொன்னது?"

"மந்திக் குட்டி."

"குட்டி சொல்றதெல்லாம் பாடமா? முறையாப் படிச்சவனா அவன்?" என்றார் கொம்பையா. அவளை மீண்டும் மரத்தடிக்கு அனுப்பினார்.

அம்மாவிடம் சொன்னாள். "வாத்தியாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்! ஹோ சொல்ல வரல, அதுக்குச் சாக்கு வேற" என்றாள் செவந்தி.

பல மாதம் போனது. ஆண்டு விழா வந்தது. மந்தி மொழியில் பிள்ளைகள் சேர்ந்து முழங்கப் போகிறார்கள் என்று கூட்டம் முழுவதும் காலையிலேயே வந்து மரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டது. மேய்ச்சலுக்கு யாரும் போகவில்லை. காவலுக்கும் யாரும் நிற்கவில்லை. அன்று காவல் முறை இருந்தவருடைய மகன்தான் எழிலன். அவர் முன்வரிசையில் இருந்தார்.

தும்பையைக் கொம்பையா தனியாக அழைத்தார். "இதோ பாரும்மா. நீ கடைசி வரிசையில நில்லு. வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது. விழா கெட்டுப்போகும்."

தும்பை கடைசி வரிசையில் நின்றாள். விழா தொடங்கியது.

"கக்கர்ஹோ!" என்று பன்னிரண்டு குட்டிகள் முழங்கின. பதின்மூன்றாவது குட்டி வாயை அசைத்தது. காதுகள் படபடத்தன. செவந்தியும், மகள் வாய் அசைவதைப் பார்த்துப் பெருமையோடு காதை அடித்தாள்.

சத்தம் போடாமல் நின்றதால் தும்பைக்குத்தான் முதலில் மேலே கேட்டது. நாவல் மரத்தின் உச்சியிலிருந்து ஒற்றைக் குரல், "கக்கர்ஹோ!" என்றது.

கொம்பையாவும் கேட்டார். அவருக்கு மெய்சிலிர்த்தது. "கேட்டீங்களா! மந்தியே நமக்கு எடுத்துக் கொடுக்குது! பிள்ளைங்களா, திருப்பிச் சொல்லுங்க!"

"கக்கர்ஹோ!" என்று பன்னிரண்டு குட்டிகளும் திருப்பிச் சொல்லின. உச்சரிப்பில் ஒரு குறை இல்லை.

"கக்கர்ஹோ! கக்கர்ஹோ!" என்று கருவாயன் கிளையைப் பிடித்து உலுக்கினான். இலைகள் கொட்டின.

"கக்கர்ஹோ! கக்கர்ஹோ!" என்றன குட்டிகள். எழிலன் கிளை குலுங்கும் நடுக்கத்தைக்கூடக் குரலில் கொண்டுவந்துவிட்டான். அவன் அப்பா எழுந்து நின்று காதை அடித்தார்.

மான்களுக்கு மூக்கு இருந்தது. ஆனால் காற்று அவர்கள் பக்கமிருந்து புல்லை நோக்கி வீசியது. அந்தக் கத்தலைக் கேட்டால் முன்பெல்லாம் மயிர் சிலிர்க்கும். தினமும் காலையில் பாடமாகக் கேட்டுக் கேட்டு அதுவும் நின்றுபோயிருந்தது. பெரியவர்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புல் இரண்டாகப் பிரிந்து மூடியது.

சத்தம் வரக் கூடாது என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தயங்கிய தும்பை மேலே பார்த்தாள். கருவாயனின் விரல் செவந்தியின் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது.

"புலி!" என்று தும்பை அலறினாள். "அம்மா! பின்னால புலி! ஓடுங்க!"

கூட்டம் திடுக்கிட்டது. புலியை நினைத்து அல்ல.

"மான் மொழி!" என்று பதறினார் கொம்பையா. "விழாவுல, எல்லார் முன்னாடியும், மான் மொழி! மரத்தடிக்குப் போ!"

யாரோ சிரித்தார்கள். செவந்தி வெட்கத்தில் தலையைக் குனிந்தாள்.

"அம்மா! அக்கா போன அன்னிக்கும் இதே சத்தம்தான் கேட்டுது! இதேதாம்மா!"

செவந்தியின் தலை நிமிர்ந்தது. மேலேயிருந்து இன்னொரு முறை அந்தக் குரல் வந்தது. இந்த முறை அவள் அதை உச்சரிப்பாகக் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எகிறிப் பாய்ந்தாள். ஒரு மான் பாய்ந்தால் மற்ற மான்களுக்கு அர்த்தம் தேவையில்லை. கூட்டம் முழுவதும் தூசியாகக் கிளம்பியது.

புலி பாய்ந்தபோது செவந்தி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. கொம்பையாவுக்கு இன்னும் நன்றியுரை பாக்கி இருந்ததால் கடைசியாகப் புறப்பட்டார். புலியின் நகம் அவருடைய பின்தொடையில் நான்கு கோடு போட்டது. அதற்குமேல் அவர் மிக வேகமாக ஓடினார்.

ஆற்று மணலில் போய் நின்று எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. கொம்பையா நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

செவந்தி அவர் முன்னால் போய் நின்றாள். "வாத்தியாரே, கக்கர்ஹோன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கொம்பையா பின்காலை மணலில் ஊன்றினார். ரத்தம் காலில் வழிந்தது.

"தெரியாதும்மா" என்றார். "படுத்துக் கிடந்தப்ப மரத்து மேல கேட்டேன். கேக்க நல்லா இருந்துது. அப்படியே மனசுல வெச்சுக்கிட்டேன்."

செவந்தி அவரைத் திட்டவில்லை. மூத்த மகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சொல்லை, மாதக்கணக்காகத் தினமும் காலையில் காதாரக் கேட்டு ரசித்தவள் அவள். மகளின் நெற்றியில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். தும்பையும் அழுதாள். கொஞ்சம் அழுது முடித்ததும் செவந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த மந்திப் பிள்ளைகிட்ட என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. பாம்புக்கு என்ன சொல்லுவாங்க, செந்நாய்க்கு என்ன சொல்லுவாங்கன்னு நானே கேக்கணும்" என்றாள்.

"உனக்கு நாக்கு வளையாதேம்மா!"

"வளையாட்டிப் போகட்டும்டி. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்."

பொருள் தெரியாமல் பிழையின்றி ஒப்பிக்கும் மொழி வெறும் சத்தம்தான். தப்பும் தவறுமாகவாவது கேட்டுப் புரிந்துகொண்ட மொழியே ஆபத்தில் உயிரைக் காக்கும்.