சும்மா கிடைக்கும் பருத்திமார்

பருத்திமாரைக் கட்டிக்கொண்டே சொல்கிறேன். இந்தக் காய்ந்த செடியை எரித்துக் கரண்டு எடுக்கும் கம்பெனி முதலாளி, கூலிக்கு மார் பிடுங்கிக் கொடுக்கும் எங்களைக் கூப்பிட்டார்.

“காத்தாடிக்காரனுக்குக் காத்து சும்மா. சோலார் தகடுக்காரனுக்கு வெயில் சும்மா. எனக்கு மட்டும் மாருக்குக் கூலியா? நாளையிலிருந்து சும்மா கொடுங்க, இல்லன்னா கம்பெனியை மூடிருவேன்.”

அந்தக் கூலியில்தான் என் பிள்ளைக்குப் பால். எங்களில் மூத்த பேச்சியக்கா மட்டும், “சரிங்க மொதலாளி” என்றாள்.

மறுநாள் ஒரு கட்டும் போகவில்லை. கொதிகலன் ஆறுகிறதென்று முதலாளி காட்டுக்கே ஓடிவந்தார்.

“மார் எங்க?”

“நிக்குது பாருங்க, சும்மா எடுத்துக்கங்க. வெயிலை யாரும் பிடுங்கிச் சுமந்து கொடுக்கலையே மொதலாளி” என்றாள் பேச்சியக்கா.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். கை உரிந்ததுதான் மிச்சம்.

“பழைய கூலியே வாங்கிக்கங்க” என்றார்.

அன்று மூடுவேன் என்றவர் நாளைக்கும் அதையே சொல்லமாட்டார் என்று எப்படி நம்ப... வந்துட்டேன்க்கா, லாரி நிக்கட்டும், இந்தக் கட்டை மட்டும் கட்டிட்டு...