ரித்மிக் என்றால் என்ன

இது நான் நேரில் பார்த்ததல்ல. தூத்துக்குடியில் பெனிட்டா டீச்சர் வீட்டில் ஆங்கிலம் பேசப் படித்த என் தோழி சொன்னது. கேட்டபடியே எழுதுகிறேன்.

அவளுடைய வகுப்பில் சூசைமாணிக்கம் என்று ஒருவர். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். கனடாவில் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. மருமகள் வங்காளப் பெண். அவளோடு பேச ஆங்கிலத்தை விட்டால் வழியில்லை.

ஒரு மாலை எல்லோருக்கும் முன்பே வந்து டீச்சரிடம் போனை நீட்டினார். மருமகள் கேட்டிருந்தாள்: நான் வேலைக்குத் திரும்பினால் பிள்ளையை நீங்கள் வந்து பார்த்துக்கொள்வீர்களா? ரித்மிக்காகத் தட்டினால்தான் தூங்குவான், அது உங்களுக்கு வருமா?

“ரித்மிக்னா என்ன டீச்சர்?”

“ஒரே சீரா, விட்டு விட்டு இல்லாம.”

“அதை எப்படிப் போட்டு எழுதணும்? தப்பா எழுதினா, இந்த ஆளை நம்பியா பிள்ளையை விடுறதுன்னு நினைச்சிரும்.”

டீச்சர் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்த தன் மகளைத் தூக்கி அவர் தோளில் சாய்த்தார்.

“தட்டுங்க அண்ணாச்சி.”

தட்டினார். குழந்தை வீறிட்டு அழுதது.

“ஹாரன் அடிக்கிற மாதிரியா தட்டுவாங்க?”

“என் மகன் தூங்குற நேரமெல்லாம் நான் ரோட்டுலதான் இருந்தேன். எனக்கு இது பழக்கமே இல்லை.”

“இப்ப இங்கதான இருக்கீங்க. அவ மூச்சைக் கேளுங்க.”

கேட்டார். கேட்கக் கேட்கக் கையின் வேகம் குறைந்தது. அழுகை விசும்பலாயிற்று. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. வகுப்புக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

“தூங்கிட்டாளா?” கிசுகிசுப்பாகக் கேட்டார்.

“எப்பவோ தூங்கிட்டா.”

அவர் கை நிற்கவில்லை.

“அப்ப, மருமகளுக்கு என்ன எழுத?”

டீச்சர் அவருடைய போனை எடுத்தார். குரல் பதிவை அழுத்தி, அவர் கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“பேசாம தட்டுங்க அண்ணாச்சி.”

இவ்வளவும் கேள்விப்பட்டது. ஒன்றை மட்டும் அவருடைய மகனிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தாத்தா கனடா போய் இறங்கும்வரை, பேரன் அந்தப் பதிவைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறான்.