மாசிலாமணி பாடாத பாட்டு

ஆலங்கரையில் தாண்டவர் என்றொரு கதைப்பாட்டு ஆசிரியர் இருந்தார். அவருடைய சீடர்களில் மாசிலாமணி என்பவர் ஆசிரியரைவிட நான்கு வயது மூத்தவர். எண்ணெய்ச் செக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பாட்டுக் கற்க வந்தவர். கணீரென்ற குரல். எதையும் வெளியே சொல்லாமல் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஒரு நாள் காலையில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“ஐயா, திருவிழாவுக்குப் பாட்டு அமைந்துவிட்டது!”

“உட்கார்ந்து சொல்லும்.”

“உட்கார்ந்து சொல்கிற பாட்டு இல்லை, ஐயா.”

மாசிலாமணியின் பக்கத்து வீட்டில் இருந்தவர் வீரபாகு. சந்தைக்குத் தலைவர். அவர் தொண்டையைச் செருமினால் தராசுகள் தாமாகவே நேராகும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி செண்பகத்துக்குப் போன வருடம் கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போகும்போது அவள் பேச்சையும் கொண்டுபோய்விட்டது.

அன்று விடியுமுன், காணாமல் போன கோழியைத் தேடிக்கொண்டு போன மாசிலாமணி வேலி இடுக்கில் எட்டிப் பார்த்திருக்கிறார். கொல்லையில் வீரபாகு ஆடிக்கொண்டிருந்தார். தலையில் மனைவியின் சேலை. காதில் செம்பருத்தி. இடுப்பை ஒடித்து, கண்ணை உருட்டி, ஒற்றைக் காலில் ஒரு சுற்று. கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்த செண்பகம் வாய்விட்டுச் சிரித்தாள். பேச்சு போன பிறகு அவள் குரல் வெளியே வந்தது அந்தச் சிரிப்பில் மட்டும்தான்.

மாசிலாமணி எல்லாவற்றையும் நின்றபடியே பாடிக் காட்டினார்.

“விடிந்தால் புலியாம், விடியுமுன் மயிலாம்,
மீசைக்காரன் காதிலே செம்பருத்தியாம்…”

தாண்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தரம் பாடும்” என்றார். இரண்டாம் முறையும் அதே அளவு சிரித்தார்.

“ஒரு சந்தேகம், ஐயா” என்றார் மாசிலாமணி. “இதைப் பாடாதே என்கிறாள் என் மனைவி. நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊர் கண்டுபிடித்துவிடும், அது உண்மை. அதனால் என்ன? கண்ணால் கண்டது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கண்டதைப் பாடக் கூடாதா?”

“பாடலாமே. நல்ல பாட்டு. சபையில் பாடுமுன் ஒரே ஒருவருக்கு மட்டும் பாடிக் காட்டிவிடும்.”

“யாருக்கு?”

“செண்பகத்துக்கு.”

“இவ்வளவுதானா!” மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீரபாகு சந்தைக்குப் போயிருந்தார். செண்பகம் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சைகையால் உட்காரச் சொன்னாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“தங்கச்சி, திருவிழாவுக்கு ஒரு பாட்டு கட்டியிருக்கேன். கேக்கிறியா?”

அவள் ஆவலாகத் தலையாட்டினாள். முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சிறுபிள்ளைபோல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மாசிலாமணி முதல் வரியைப் பாடினார். அவள் ஓசையில்லாமல் சிரித்தாள்.

இரண்டாவது வரியைப் பாடினார். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றது. கை மட்டும் மெல்ல எழுந்து முந்தானையை இழுத்துத் தோளை மூடியது. குளிக்கிற இடத்தில் வேற்றாள் நிழல் விழுந்தால் கை அப்படித்தான் எழும். அவள் கண் வேலிப் பக்கம் போய் வந்தது.

மாசிலாமணி நிறுத்தினார்.

“அடடா, மீதி மறந்துபோச்சே தங்கச்சி!”

மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். போகிற வழியில் வேலி இடுக்கில் ஒரு பனை மட்டையைச் செருகினார். தள்ளி நின்று பார்த்தார். திரும்பி வந்து இன்னொன்றையும் செருகினார்.

“பாடினீரா?” என்று கேட்டார் தாண்டவர்.

“இரண்டு வரி.”

“அவள் என்ன செய்தாள்?”

“முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், ஐயா.”

தாண்டவர் தலையசைத்தார். தாளம் தப்பிக்கொண்டிருந்த இன்னொரு சீடரிடம் போய்விட்டார்.

மாசிலாமணி விடியுமுன் விழித்துக்கொண்டார். பக்கத்துக் கொல்லையில் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. தான் பாடிய இரண்டு வரி அந்த வீட்டில் என்ன செய்துவிட்டதோ என்று வேலிப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் இருட்டு விலகும் நேரத்தில், வேலிக்கு அப்பால் குபீரென்று ஒரு சிரிப்புக் கிளம்பியது. மாசிலாமணி பாயில் கிடந்தபடியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார்.

அவர் மனைவி எழுந்து பார்த்தாள். “என்ன ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லே. நீ தூங்கு.”

திருவிழாவில் அவர் வேறு பாட்டுப் பாடினார். நடுக்கடலில் ஒரு தீவு. அதைக் காக்கும் தளபதியைக் கண்டால் அலைகூடப் பின்வாங்கும். அவர் வளர்த்த கிளி ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டது. அதை வாய்திறக்க வைக்கத் தளபதி தவளைபோல் தாவினார், குரங்குபோல் மரமேறினார், கடைசியில் தாமே ஒரு கூண்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது.

பாட்டு முடிந்ததும் வீரபாகு மேடையருகே வந்தார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

“யாருய்யா அந்தத் தளபதி? நமக்குத் தெரிந்த ஆளா?”

“இல்லைங்க. அப்படி ஒருத்தர் எங்கேயும் இல்லை. நானே உண்டாக்கினேன்.”

வீரபாகு அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். மீசை லேசாகத் துடித்தது.

“இருந்திருந்தால் நல்ல மனுஷன்தான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பின்னால் நின்றிருந்த செண்பகம் மாசிலாமணியைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில், வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் குரல் இன்னும் இருப்பது ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீடு திரும்பும்போது மாசிலாமணி ஆசிரியரோடு நடந்தார். பிறகு கேட்டார்.

“ஐயா, முதலில் கட்டின பாட்டுதான் இதைவிட நன்றாக இருந்தது, இல்லையா?”

“ரொம்ப நன்றாக இருந்தது.”

“கிளியும் தளபதியும் அதற்கு ஈடாகாது.”

“ஆகாது.”

“அப்படியானால் ஒரு நல்ல பாட்டு வீணாய்ப் போய்விட்டதே, ஐயா!”

தாண்டவர் சிரித்தார்.

“போகட்டும், ஓய். அந்தப் பாட்டைவிட நல்லது ஒன்று இந்த ஊரில் தினமும் விடியுமுன் நடந்துகொண்டிருக்கிறதே.”