மாப்ளைக்கு நீட்டாத விரல்

குருன்னா தாடி தொங்கணும், சீடன்னா சின்னப் பயலா இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்குல்ல? இந்தக் கதையில அது தலைகீழு.

குருவுக்கு வயசு முப்பத்தொண்ணு. பேரு ஜெசிந்தா. மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். சீடனுக்கு வயசு அம்பத்திரெண்டு. பேரு சோணைமுத்து. லாரி புக்கிங் ஆபீசுல வேலை. காலையில அவரு வயிறு ஆபீசுக்குள்ள போயி அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் அவரு போவாரு.

சனிக்கிழமை தோறும் டீச்சர் அம்பயர் வகுப்பு எடுப்பாங்க. மூட்டு தேஞ்சுபோன கிரிக்கெட்டுக்காரய்ங்க ஏழெட்டுப் பேரு வந்து உக்காருவாய்ங்க. அதுல ஒருநாள்கூட லீவு போடாத ஆளு சோணைமுத்து.

ஞாயித்துக்கிழமை லீக்ல ஒரு வழக்கம். எந்த டீம் பேட் புடிக்குதோ அந்த டீம் ஆளுகதான் அம்பயரா நிக்கணும். அண்ணன் அவுட்டா இல்லையான்னு தம்பி சொல்லணும். எம்புட்டு லட்சணமா இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. மூணு ஸ்டெம்பும் சாஞ்சு கெடந்தாலும், காத்துல விழுந்துருச்சும்பாய்ங்க.

சோணைமுத்து அப்பிடிக் கெடையாது. சொந்த டீம் கேப்டனையே மொத பந்துல எல்.பி. அவுட் குடுத்து வீட்டுக்கு அனுப்புன மனுசன். அதனால எதிர் டீம் பேட் புடிக்கும்போதுகூட, "சோணை அண்ணனே நிக்கட்டும்"னு விட்டுருவாய்ங்க. பட்டப்பேரு தராசு.

அந்தத் தராசு ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு.

சோணைமுத்து டீம் பேரு புலிக்குட்டி கிளப். பேருதான் குட்டி. பாதிப் பேரு மத்தியானச் சோத்துக்கு முன்னாடி சுகர் மாத்திரை போடுற புலிக. எதிர் டீம் பட்டறை லெவன். எல்லாம் பாத்திரப் பட்டறையில சம்மட்டி புடிக்கிற ஆளுக. செயிச்சா புலிக்குட்டி ரெண்டாவது டிவிசனுக்குப் போகும். ஒம்பது வருசமா ஏறாத படி.

கடைசி ஓவர். மூணு பந்துல ஏழு ரன் வேணும். கையில ஒரே ஒரு விக்கெட்டு. பந்து போட்டது பீர் முகமது. பேட் புடிச்சு நின்னது தினகரன்.

தினகரன் யாருன்னா, சோணைமுத்துவோட மாப்ள. மக பாண்டிச்செல்வியக் கட்டி நாலு மாசம்தான் ஆகுது.

நாலாவது பந்து. டிக்குன்னு ஒரு சத்தம். பந்து பேட்டு ஓரத்துல ஒரசிக்கிட்டு கீப்பர் கையில போயி உக்காந்துருச்சு.

பீர் முகமது ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுத் திரும்புனாரு. "அவுட்டாண்ணே?"

சோணைமுத்து கை கெளம்பிருச்சு. பாதி தூரம் வந்துருச்சு. அப்பத்தான் எதுத்தாப்புல நிக்கிற மொகத்தப் பாத்தாரு.

மாப்ள. வீட்டுக்கு வந்தா நாற்காலியத் தொடச்சுப் போடுற மாப்ள. பேரச் சொல்லிக் கூப்புடாத மாப்ள. அவருக்கு நேரா, அம்புட்டு ஊரும் பாக்க, மாமனாரு விரல நீட்டுறதா?

பாதி வந்த கை அப்பிடியே தொப்பிக்குப் போச்சு. தொப்பியச் சரி பண்ணிட்டு எறங்கிருச்சு.

"நாட் அவுட்."

"சத்தம் கேட்டுச்சேண்ணே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல பீரு."

பக்கத்து மண்டபத்துல கல்யாணக் கொட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கீப்பருக்கும் உறுதியாத் தெரியல. பட்டறை ஆளுக சண்டைக்குக் கெளம்புனாய்ங்க. பீர் முகமதுதான் மறிச்சாரு.

"விடுங்கப்பா. சோணை அண்ணனுக்குக் கேக்கலைன்னா சத்தமே வரல. எங் காதுதான் போயிருச்சு போல. பட்டறையில தட்டித் தட்டி என்னப் பெத்த அத்தாவும் இப்பிடித்தான் செவிடானாரு."

அடுத்த பந்து சிக்ஸர். அதுக்கடுத்தது ஒண்ணு. புலிக்குட்டிக சோணைமுத்துவத் தோள்ல தூக்கப் பாத்தாய்ங்க. எடை தாங்காம எறக்கி விட்டுட்டாய்ங்க.

மறுநா வீட்டுல மாப்ளைக்குக் கறி விருந்து. சாப்புட உக்காந்ததும் மாப்ள ஒரு கண்ண அடிச்சாரு. "மாமா நம்ம ஆளு!"

நாலு மாசமா மாமனாரக் கண்டா எந்திரிச்சு நின்ன பய. சோணைமுத்துவுக்கு நல்லி எலும்பு தொண்டையில நின்னுக்கிருச்சு.

சனிக்கிழமை காலையில மொத ஆளா வகுப்புக்குப் போனாரு. கையில வெள்ளைக் கோட்டு, மடிச்சபடி. டீச்சர் மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க.

"டீச்சர், இந்தாங்க கோட்டு."

"எதுக்குண்ணே? பட்டன் போயிருச்சா?"

"மானம் போயிருச்சு."

எல்லாத்தையும் சொன்னாரு. டீச்சர் கோடு போடுறத நிறுத்தாமயே கேட்டாங்க.

"சத்தம் நல்லாக் கேட்டுச்சா?"

"காதுக்குள்ள வந்து சுண்டுன மாதிரி கேட்டுச்சு டீச்சர்."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"கண்ணடிச்சாரு."

"பீர் அண்ணன்?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அதுதான் டீச்சர் கொல்லுது. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். கண்ணாடியில மூஞ்சியப் பாக்க முடியாம ஒரு வாரமா சவரங்கூடப் பண்ணல. இந்த வெக்கத்த எப்பிடிப் போக்குறது? அத மட்டும் சொல்லுங்க."

 டீச்சர் சுண்ணாம்புக் கையக் கழுவிட்டு, இன்னிக்கு வகுப்பு இல்லன்னு எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டு ஸ்கூட்டிய எடுத்தாங்க.

"ஏறுங்கண்ணே."

"எங்க?"

"ஏறுங்க."

ஏறுனாரு. வண்டி ஒரு மொனகல் மொனகுச்சு. சிக்னல்ல நின்னப்ப பக்கத்து ஆட்டோக்காரன், "அக்கா, பின்னாடி டயர்ல காத்து இருக்கா பாருங்க"ன்னான். வேற நாளா இருந்தா சோணைமுத்து அவனுக்கு நல்லதா ஒண்ணு குடுத்திருப்பாரு. அன்னிக்குத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாரு.

வண்டி போயி நின்னது பெரியாஸ்பத்திரியில. காது மூக்கு தொண்டை வார்டு. வரிசைப் பெஞ்சுல பதினஞ்சு பேரு. அதுல ஏழாவது ஆளு, கையில சீட்டோட பீர் முகமது.

"அவரு மக எங்கிட்டத்தான் படிக்குது" டீச்சர் மெதுவாச் சொன்னாங்க. "இன்னிக்குப் பதினோரு மணிக்குப் பேரண்ட்ஸ் மீட்டிங். வர முடியாது, காதக் காட்டப் போறேன்னு காலையிலயே போன் பண்ணிட்டாரு."

சோணைமுத்து காலு அங்கயே ஊனிக்கிருச்சு. டீச்சர் தள்ளி விடல, கூப்பிடவும் இல்ல. கைய கட்டிக்கிட்டு நின்னாங்க. வேற வழியில்லாம அவராத்தான் நடந்து போயி உக்காந்தாரு.

"வாங்கண்ணே! உங்களுக்கும் காதா?"

"இல்ல பீரு. உங்களுக்கு ஒண்ணுமில்ல. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

"டாக்டரு பாக்கணும்ல?"

"அன்னிக்குச் சத்தம் வந்துச்சுய்யா. எனக்கும் கேட்டுச்சு. நாந்தான் பொய் சொன்னேன்."

பீர் முகமது சிரிச்சுட்டாரு.  சோணைமுத்துவோட தொடையத் தட்டிக் குடுத்தாரு.

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு உங்க பேரையே கெடுத்துக்கிறீகளே. கேப்டனுக்கே விரலத் தூக்குன ஆளு நீங்க. நீங்களாவது பொய் சொல்றதாவது!"

"நெசமாத்தான்யா!"

"போதும்ணே. நாலு பேரு பாக்குறாக."

சீட்டு நம்பரக் கூப்புட்டாக. பீர் முகமது உள்ள போயிட்டு வந்தாரு. ரெண்டு காதுலயும் சொட்டு மருந்து ஊத்திப் பஞ்சு அடைச்சு விட்டுருந்தாக. காது அடைச்சதால பேச்சு வார்டு முழுக்கக் கேட்டுச்சு.

"திங்கக்கிழமை மிசின் வச்சுப் பாக்கணுமாம்ணே! பட்டறைய விட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிரலாமான்னு பாக்குறேன்! வீட்டுல அழுகுறா!"

வெளிய வந்ததும் சோணைமுத்து டீச்சர்கிட்டப் பொலம்புனாரு.

"நம்ப மாட்டேங்குறாரு டீச்சர். நல்லவன்னு பேரு எடுத்தது எம்புட்டுப் பெரிய தொல்லையாப் போச்சு பாத்தீகளா?"

"உண்மைய எங்க வச்சுச் சொன்னீங்க?"

"இப்பத்தான், அந்தப் பெஞ்சுல."

"பொய்ய எங்க வச்சுச் சொன்னீங்க?"

சோணைமுத்து கையில இருந்த கோட்ட ஒருக்காப் பாத்தாரு. 

"ஸ்கோர் புக்குல இனிமே ஒண்ணும் மாறாதுல்ல டீச்சர்?"

"ஒரு புள்ளிகூட மாறாது."

அத அவராவே கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு.

மறுநா ஞாயித்துக்கிழமை. அதே மைதானம். பட்டறை லெவனுக்கு வேற ஒரு டீமோட மேட்ச். டிவிசன் ஏறுனதுக்கு சால்வை போடுறாகன்னு புலிக்குட்டிகளும் முழுசா வந்து நிக்கிதுக. மாப்ளயும் புது பேட்டோட வந்திருந்தாரு.

டாஸ் போடுறதுக்கு முன்னாடி சோணைமுத்து கோட்டப் போட்டுக்கிட்டு நடுவுல போயி நின்னாரு.

"மாப்ள, பேட்ட எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயி நில்லுங்க. பீரு, நீங்க இங்க எம் பக்கத்துல வாங்க."

பேப்பர்ல போடப் போட்டோ எடுக்குறாகன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தன் சீப்ப எடுத்துத் தலையச் சீவுனான்.

"போன வாரம். கடைசி ஓவரு. நாலாவது பந்து." சோணைமுத்து சத்தமாச் சொன்னாரு. "பீரு, அவுட்டான்னு கேளுங்க."

பீர் முகமது காதுல பஞ்சு. "என்னண்ணே?"

"அவுட்டான்னு கேளுங்கய்யா! பவுலிங் போட்ட டீம் கேக்காம அவுட் குடுக்க முடியாது. அதான் சட்டம்."

"என்னண்ணே வெளையாட்டு இது..."

"உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

பீர் முகமது சுத்திப் பாத்தாரு. மெல்லக் கேட்டாரு. "அவுட்டாண்ணே?"

இந்தத் தடவ கை தொப்பிகிட்ட நிக்கல. முழுசா மேல போச்சு. விரலு மாப்ளைக்கு நேரா நிமிந்து நின்னுச்சு.

"அவுட்டு. பேட்டுல பட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. மாப்ளங்கறதால விரல மடக்கிட்டேன்."



"மாப்ள, நீங்க சொல்லுங்க. பட்டுச்சா, படலையா?"

தினகரன் பேட்டால மண்ணக் கிண்டிக்கிட்டு நின்னாரு. "பட்டுச்சு மாமா."

அம்புட்டுத்தான். பேட்டக் கீழ போட்டுட்டு பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கொண்டாந்த சால்வைய யாருக்குப் போடன்னு தெரியாம ஒரு புலிக்குட்டி கையிலயே வச்சுக்கிட்டு நின்னுச்சு.

பீர் முகமது ஒவ்வொரு காதா பஞ்சப் புடுங்குனாரு. கீழ போட்டாரு.

"ஒரு வாரம்ணே" அவரு மெதுவாத்தான் பேசுனாரு. "எம் மக பேசும்போதெல்லாம், இன்னிக்குக் கேக்குது, அடுத்த வருசம் கேக்குமான்னு அது வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன். அது பயந்துபோயி எங்கிட்டப் பேசுறதையே கொறைச்சிருச்சு."

"பீரு..."

"பேசாதீக. இனிமே எங்க மேட்ச்சுக்கு நீங்க நிக்க வேணாம்."

போயிட்டாரு. ரெண்டு பக்கத்து ஆளும் வழி விட்டாய்ங்க. ஒருத்தனும் தோள்ல கை போடல. சோணைமுத்து பவுண்டரிக் கோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஒரு வருசம் ஆன மாதிரி இருந்துச்சு. அங்க டீச்சர் நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க சொல்லாமச் சொன்னதத்தான் செஞ்சேன்."

"பாத்தேன்."

"வெக்கம் போகலையே டீச்சர். ஒண்ணுக்கு நாலால்ல ஆயிருச்சு! முன்னாடி எனக்கு மட்டும் தெரிஞ்சது, இப்ப ஊருக்கே தெரியும். மாப்ள போயிட்டாரு, பீரு போயிட்டாரு, பேரும் போயிருச்சு. இது மட்டும் இங்கயே நிக்கிது."

டீச்சர் மைதானத்துப் பக்கம் பாத்தாங்க. அந்தக் கோடியில பட்டறை ஆளு ஒருத்தன் டீ வந்துருச்சுன்னு சாதாரணமாத்தான் சொன்னான். இந்தக் கோடியில இருந்த பீர் முகமது சட்டுன்னு திரும்பி, "சக்கரை கம்மியா!"ன்னு கத்துனாரு.

"காது அவருதுண்ணே. அதத் திருப்பிக் குடுத்துட்டீங்க" டீச்சர் சொன்னாங்க. "வெக்கம் உங்களுது. அத ஏன் இன்னொருத்தர் கையில குடுக்கப் பாக்குறீங்க?"