மருதடியில் மண் போர்த்திய அம்மை

திருமருதந்துறைக் கோயிலின் வெளிச்சுற்றில் புல் செதுக்குவது கொற்றியம்மையாரின் வேலை. பரந்த அப்புல்தரையின் நடுவே தலமரமாகிய மருது நின்றது. மழைக்கு மழை மண் அரித்து, அதன் வேர்கள் புடைத்த நரம்புகளைப் போல வெளியே கிடந்தன. அவற்றைக் கூத்தபிரானின் திருவடிகள் என்றே அம்மையார் நம்பினார். விடியலில் குளத்து வண்டலோடு மக்கிய இலையைக் கலந்து கூடையில் சுமந்து வருவார். கனமாகக் கொட்டினால் வேருக்கு மூச்சு முட்டும் என்று மெல்லப் பரப்பி, இடையிடையே அறுகு நடுவார். "காலை நீட்டிக்கப்பா, போத்திவிடறேன்" என்பார். சன்னிதிக்குள் நுழைய அவர் குலத்துக்கு அனுமதி இல்லை. இறைவனின் திருமேனியில் அவர் கண்டது அந்த வேர்களை மட்டுமே.

அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்தாள். புதைத்துவிட்டு வந்த கையோடு அம்மையார் கூடையை எடுத்தார்.

"பெத்ததை மண்ணுல போட்டுட்டு, வேருக்கு மண்ணு போட வந்துட்டா பாரு!" என்று பூக்கட்டும் பெண்கள் சிரித்தார்கள். அம்மையார் கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியாமல் மண்ணைப் பரப்பினார்.

திருவாதிரைக்கு முந்தைய நாள் கோயில் அதிகாரி மழவராயர் ஊர்ப் பெரியவர்களோடு புல்தரை வழியே வந்தார். மழை மண்ணைக் கரைத்திருந்தது. வேர் தடுக்கிக் குப்புற விழுந்தார். தலைப்பாகை சேற்றில் உருண்டது. யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு யாரிடமாவது பழி தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

"ஏ கொற்றி, கோடாலியை எடு. இந்த வேரையெல்லாம் வெட்டித் தரையை மட்டம் பண்ணு."

"வேண்டாஞ்சாமி, அது ஆண்டவன் காலு. நடக்குற பாதையை வேணா தள்ளிப் போட்டுத் தர்றேன்."

"ஆண்டவன் காலா? அப்ப அதுக்குப் பதிலா உன் காலைக் குடு."

மிரட்டலுக்குத்தான் சொன்னார். அம்மையாரோ வேரின்மேல் தம் வலக்காலை வைத்தார். "இதை எடுத்துக்கிட்டு அதை விட்டுருங்க சாமி."

பத்துப் பேர் பார்க்கப் பின்வாங்க மழவராயரின் செருக்கு இடம் தரவில்லை. ஏவலனுக்குக் கண் காட்டினார். கோடாலி இறங்கியது. முன்பாதம் துண்டாயிற்று. பிறகு, சொன்ன சொல்லையும் காக்காமல், அந்த வேரையும் வெட்டச் செய்தார்.

அம்மையார் ஊர்ந்து போய்ச் சேலைத் தலைப்பைக் கிழித்தார். தம் காலுக்குக் கட்டவில்லை. வெட்டுண்ட வேருக்கு வண்டலை அப்பிக் கட்டினார். இரவெல்லாம் அங்கேயே கிடந்தார்; யாரும் கிட்டே வரவில்லை.

திருவாதிரை விடியலில் குருக்கள் திரையை விலக்கி அலறினார். கூத்தபிரானின் தூக்கிய திருவடியில் வண்டல் அப்பி, பழஞ்சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதன் வழியே குருதி கசிந்தது.

"எம் காலுக்கு மருந்திட்டவள் வெளியே கிடக்க, இங்கே யாருக்குப் பூசை?" என்று எழுந்த குரல் எல்லார் செவியிலும் விழுந்தது. மழவராயர் நின்ற இடத்திலேயே கால் மடங்கி விழுந்தார். பிறகு அவர் நடக்கவே இல்லை.

குருக்கள் தீட்டை மறந்து ஓடினார். அம்மையாரின் தலையை மடியில் ஏந்தி, உள்ளே கண்டதைச் சொன்னார்.

"சாமிக்கு ரத்தம் நின்னுருச்சா?" என்று கேட்டார் அம்மையார்.

சன்னிதியிலிருந்து ஓடி வந்தவர்கள் ஆம் என்று தலையசைத்தார்கள். "நின்னுடுத்தும்மா" என்றார் குருக்கள்.

அம்மையார் கண்ணை மூடினார். அன்று உலா எழுந்தருளிய கூத்தபிரான் மருதடியை விட்டு நகரவில்லை. அம்மையாரின் பாடையைச் சுமந்தவர்கள் முன்னே செல்ல, அதன் பின்னேதான் நகர்ந்தார். உள்ளே விடாத கோயிலிலிருந்து இறைவனை வெளியே வரவழைத்த அந்தத் தாயின் அன்புக்கு நம் தலை தாழட்டும்.