அவுரிக் கூட்டுக்குப் பரிவட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் நடந்த வழக்கு இது. அன்று சபையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. சிங்காதனத்தில் மன்னர் குணதுங்கர். வலப்பக்கம் பிரதானி வெங்களப்பர். இடப்பக்கம் விகடன் ஆண்டியப்பன். எதிரே அவுரிக் கூட்டின் கூட்டாளிகள் மூவர்: வயிரவநாதர், சீனிவாசர், கூத்தபிரான். நடுச்சபைக்கு வரத் தயங்கி, வாசற்படியை ஒட்டி நின்ற ஆட்டுக்காரி பேச்சி. காவலர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. நானும் இருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்கள் அங்கே இருந்தவர்கள் அல்லர்.

மன்னருக்கு அந்த ஆண்டு நீல நிறத்தின்மேல் ஆசை வந்திருந்தது. கொடி நீலம், திரைச்சீலை நீலம், பட்டத்து யானையின் முகபடாமும் நீலம். ஆசை மன்னருக்கு, ஆதாயம் வணிகருக்கு. மூவர் ஒன்றுகூடி அவுரிக் கூட்டு என்று பெயர் வைத்து, அவுரி இலையை ஊறவைத்துச் சாயம் எடுக்கத் தொட்டிகள் கட்டினார்கள். தொட்டியின் கழிவுநீர் வாய்க்கால் வழியே ஓடிப் பேச்சியின் ஊர்க் கிணற்றில் இறங்கியது. குடித்த ஆடுகள் செத்தன. பேச்சியின் மருமகள் நிறைமாதக்காரி. அவளுக்கும் அந்தக் கிணறுதான்.

"வாய்க்காலைத் திருப்பச் சொல்லுங்க மகாராசா. வேற ஒண்ணும் கேக்கலை" என்றாள் பேச்சி.

குற்றம் சாட்டப்பட்டவர் சபை நடுவே இருக்கும் வழக்குக்கல்லில் ஏறி நின்றால்தான் அந்த நாட்டில் விசாரணை தொடங்கும்.

"வயிரவநாதரே, ஏறும்" என்றார் மன்னர்.

"அரசே, தொட்டி என்னுடையது அன்று. கூட்டினுடையது."

சீனிவாசரும் கூத்தபிரானும் அதையே சொன்னார்கள்.

"அப்படியானால் கூட்டு ஏறட்டும்."

"கூட்டுக்குக் கால் இல்லையே, அரசே. அது ஒரு பெயர். பெயரை எப்படிக் கல்லில் நிறுத்துவது?" என்றார் வயிரவநாதர்.

பிரதானி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் தலைப்பாகை புதிய நீலம்; கூட்டு கொடுத்த காணிக்கை. "சட்டத்தில் இதற்கு இடமில்லை, அரசே. வழக்கைத் தள்ளிவிடலாம்."

"கால் இல்லாவிட்டால் என்ன, வயிறு இருக்கிறதே" என்றான் ஆண்டியப்பன்.

அவன்மேல் பிரதானிக்கு நெடுநாள் புகைச்சல். "கேட்டீர்களா அரசே? அனைத்தும் அறிந்தவர் பேசுகிறார். விசயதசமி சபையில் இவரே கூட்டைக் கல்லில் ஏற்றிக் காட்டட்டும். இல்லையேல் தம் இருக்கையைக் காலி செய்யட்டும்."

மன்னருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

கோட்டை வாசலில் பேச்சி காத்திருந்தாள்.

"ஐயா, நீங்க சிரிக்க வெச்சுட்டுப் போயிருவீக. நான் ஊருக்குப் போய் என்னத்தைச் சொல்ல?"

"தண்ணீருக்கு என்ன செய்கிறாய்?"

"பக்கத்தூருல இருந்து தலைச்சுமையா கொண்டாறேன். அவுக கெணத்துலயும் ஊத்து கொறையுதாம், இனிமே வராதேங்காக. எம்புட்டு நாளைக்குத் தூக்க?"

அன்று முதல் ஆண்டியப்பனுக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை, படுத்தால் உறக்கமில்லை. ஆளை அடித்தால் கேட்க மன்றம் உண்டு. ஊரையே அடித்துவிட்டுப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் கேட்க நாதியில்லை. இருக்கை போவதுகூடப் பெரிதில்லை. அந்தப் பெண் இன்னும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

விசயதசமிக்கு முதல் நாள் அவன் மன்னரிடம் போனான். "அரசே, இவ்வளவு நீலம் தந்த அவுரிக் கூட்டுக்கு நாளை முதல் மரியாதையாகப் பரிவட்டம் கட்ட வேண்டும். கட்டும் பொறுப்பை எனக்குத் தர வேண்டும்."

"வழக்குக்குக் கொண்டுவரச் சொன்னால் மரியாதை செய்கிறாயே" என்றார் மன்னர். ஆனால் மறுக்கவில்லை.

மறுநாள் சபை நிறைந்திருந்தது; வாசற்படியருகே பேச்சியும் நின்றாள். ஆண்டியப்பன் வெள்ளித் தட்டில் பட்டுத் துணியை ஏந்தி வந்தான். "மன்னரின் முதல் மரியாதை அவுரிக் கூட்டுக்கு. கூட்டு எங்கே?"

மூவரும் ஒருசேர எழுந்தார்கள்.

"என் தலையில் கட்டும். மூலப்பொருள் தேடியவன் நான். கூட்டு என்றாலே நான்தான்" என்றார் வயிரவநாதர்.

"நீர் தேடினீர். தொட்டி கட்டியது யார்? என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் முதல் மரியாதை" என்றார் சீனிவாசர்.

கூத்தபிரானுக்குப் பொறுக்கவில்லை. "கழிவுநீரை மலையடி சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்ததை, கிணற்றுப் பக்கம் வாய்க்கால் வெட்டிக் குறுக்கே விட்டது என் மூளை. அது இல்லாவிட்டால் உங்கள் இருவருக்கும் ஏது ஆதாயம்?"

"சண்டை எதற்கு? மூவருக்கும் துணி இருக்கிறது. கடைசி வரிசைக்கும் தெரியும்படி உயரத்தில் நில்லுங்கள்" என்றான் ஆண்டியப்பன்.

சபையில் உயரமான இடம் ஒன்றுதான். மூவரும் முண்டியடித்து வழக்குக்கல்லில் ஏறினார்கள். ஆண்டியப்பன் நிதானமாகக் கட்டி முடித்தான்.

"அரசே, கூட்டு வந்துவிட்டது. ஆறு கால்களும் கல்லின்மேல் இருக்கின்றன. பேச்சி, உன் வழக்கைச் சொல்."

பிரதானி பதறி எழுந்தார். "மரியாதை வேறு, வழக்கு வேறு."

"சரி. நாங்கள் கூட்டு அல்ல என்று சொல்லிவிட்டு இவர்கள் இறங்கட்டும். அல்லாதவர் தலையில் மன்னர் துணி எதற்கு? சபையறிய அவிழ்த்துக்கொள்கிறேன்."

கட்டிய பரிவட்டத்தைச் சபையில் அவிழ்ப்பதைவிடத் தலையை வாங்குவது மேல் என்பார்கள் அந்த நாட்டில். பெண் கொடுத்த வீட்டாரும் அதன்பின் படியேற மாட்டார்கள். ஆண்டியப்பன் கையை நீட்டினான். மூவரின் கைகளும் தம்தம் தலைக்குப் போயின.

"தொடாதீர்" என்றார் சீனிவாசர். "நாங்கள்தான் கூட்டு."

மன்னர் விலா நோகச் சிரித்தார். பிரதானியும் சிரிக்க வேண்டியதாயிற்று. வாய்க்காலை அன்றே அடைத்து மலையடி வழியே திருப்பவும், புதுக் கிணறு தோண்டித் தரவும், செத்த ஆடுகளுக்கு ஆடு தரவும் தீர்ப்பாயிற்று.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும்?"

"கூட்டின் பெயரால் மரியாதை வாங்குகிறவர் கூட்டின் பெயரால் கல்லிலும் ஏற வேண்டும் என்று ஒரு சட்டம் வேண்டும், அரசே. அடுத்த பேச்சி வரும்போது நான் இருக்க மாட்டேன்."

"பார்க்கலாம்" என்றார் மன்னர், இன்னும் சிரித்தபடியே.

அந்தச் சட்டம் அன்றைக்கே இயற்றப்பட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இயற்றப்படவில்லை.