எந்திரிச்சா சீட்டு காலி

ஒக்காருங்க, ஒக்காருங்க. பின்னாடி என்ன கசமுசா? வாயை மூடினா காது தானா தொறக்கும். யாரு கால் மேல யாரு ஒக்காந்தீங்களோ அது கதை முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம். இடம் பத்தலன்னு மட்டும் மூஞ்சத் தூக்காதீங்க, ஏன்னா கதையே அதப் பத்தித்தான்.

ஒரு கடற்கரை. கரைக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. தோப்புல ஆடு, பன்னி, கழுதை, காக்கா, நரி, இன்னும் என்னென்னவோ இருந்துச்சுங்க. வெயில் காலம் வந்தா தோப்புல இருக்க முடியாது. இலை அசையாது. எல்லாம் கெளம்பி கடலுக்குப் போயிடும். அவனவன் கெடச்ச எடத்துல படுப்பான், தண்ணில காலை நனைப்பான், பொழுது சாய வீட்டுக்கு வருவான். யாரும் யாரையும் கேட்டதில்ல.

ஒருநா செங்கமலம்னு ஒரு ஆடு மணல்ல ஒக்கார முடியாம குதிச்சுக்கிட்டு இருந்துச்சு. மணலு அந்தச் சூடு. அத தாண்டவன் பாத்தான். தாண்டவன் யாருன்னா நரி. கடல் ஒதுக்கின சாமானுங்க கரையோரம் கெடக்கும்ல, அதுல ஒரு தெர்மாகோல் மீன் பெட்டியைத் தூக்கிட்டு வந்து ஆட்டுக்கிட்ட போட்டான்.

"ஒக்காருங்க மதினி. சுடாது."

செங்கமலம் ஒக்காந்துச்சு. சுடல. சந்தோசத்துல ஒரு மீனைக் குடுத்துச்சு. ஆட்டுக்கு ஏது மீனுன்னு என்னைக் கேக்காதீங்க. கருவாடு காயப்போட்டவங்களப் போய்க் கேளுங்க.

இதுவரைக்கும் தாண்டவன் மேல ஒரு தப்பும் இல்ல. நல்ல காரியம்தான் பண்ணான். ஆனா அந்த மீனைத் தின்னான் பாருங்க, அங்கதான் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது.

மறுநாளு பத்து பெட்டி. அதுக்கு மறுநாளு முப்பது. ஒடஞ்ச படகுப் பலகை, பிளாஸ்டிக் கூடை, வலையில கட்டுற மெதப்பு, சின்ன ஆளுங்களுக்குக் கொட்டாங்குச்சி, எதையும் விடல. எல்லாத்தையும் தண்ணியோரத்துல இருந்து தோப்பு வரைக்கும் வரிசையா போட்டான். பின்வரிசைக்கு ஒரு மீனு. முன்வரிசைக்கு ரெண்டு. சுத்தி கிழிஞ்ச வலையைக் கட்டி, ஒரு ஓரத்துல வாசல் விட்டான். சொந்தமா மணல்ல ஒக்காந்தா என்னன்னு ஒரு ஓணான் கேட்டுச்சு. எங்க ஒக்காருவ, மணலக் காட்டுன்னான் தாண்டவன். ஓணான் சுத்திப் பாத்துச்சு. பெட்டிதான் இருந்துச்சு, மணலு இல்ல.

காக்கா ஒண்ண செக்கரா வச்சுக்கிட்டான். அது வலைக் கம்பு மேல ஒக்காந்து நாளு பூரா ஒரே பாட்டு. பஸ்ஸுல படியில தொங்குறவங்களப் பாத்து கண்டக்டர் கத்துவாரே, அந்தத் தொண்டை.

"எந்திரிச்சா சீட்டு காலி! எந்திரிச்சா சீட்டு காலி!"

அதுதான் சட்டம். பெட்டியை விட்டு எந்திரிச்சா அடுத்தவன் ஒக்காந்துக்கலாம். அதனால என்னாச்சு? எவனும் எந்திரிக்கல. வலைக்கு வெளிய நின்னவனுங்க எவன் எந்திரிப்பான்னு கழுத்த நீட்டிப் பாத்துக்கிட்டே இருந்தானுங்க. உள்ள ஒக்காந்தவன் அவனுங்களையே பாத்துக்கிட்டு இருந்தான். கடலப் பாக்க ஒருத்தன் இல்ல.

சண்டைக்குக் கேக்கவா வேணும். செங்கமலம் முதுகு சொறியறதுக்கு லேசா பின்பக்கத்தத் தூக்குச்சு. அதுக்குள்ள பன்னி வந்து பாதிப் பெட்டியில ஒக்காந்துருச்சு. நீ எந்திரிச்சன்னு அது, நான் எந்திரிக்கல சொறிஞ்சேன்னு இது. மதியம் வரைக்கும் ஒரே பெட்டியில ரெண்டும் முட்டிக்கிட்டே ஒக்காந்திருந்துச்சுங்க. பக்கத்துல இருந்தவனுங்க ஞாயம் சொன்னானுங்க. எப்படி? ஒக்காந்தபடியே.

இப்படி இருக்கறப்ப ஒருநாளு காலையில நாச்சி வந்தா.

நாச்சி ஒரு சங்கு நண்டு. பாத்திருப்பீங்க, முதுகுல சங்கைச் சுமந்துக்கிட்டு ஊரும். அதுக்கு ஒடம்புல பின்பாதி வெறும் சதை, ஓடே கெடையாது. சங்கு இல்லாம ஒரு நாழி தாங்காது. தோப்புல சருகுக்கு அடியில குடியிருக்கும். இருக்கறதே தெரியாது. நாச்சி பேசி யாரும் கேட்டதில்ல.

அன்னைக்கு அவ சங்குக்குள்ள முட்டை. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல. எல்லாம் முத்திப்போச்சு. அந்த ஜாதிக்கு ஒரு வழக்கம் இருக்கு. எங்க வேணா குடியிருக்கும், ஆனா முட்டை முத்தின அன்னைக்கு கடல் தண்ணில எறங்கி ஒதறணும். உப்புத்தண்ணி பட்டாத்தான் அது வெடிச்சுக் குஞ்சு வரும். படலன்னா சங்குக்குள்ளயே காஞ்சு போயிடும். வெயில் ஏறுறதுக்குள்ள போயாகணும்.

வாசல்ல தாண்டவன் மறிச்சான். மேலயும் கீழயும் பாத்தான்.

"இந்தாம்மா, முதுகுல என்ன?"

"என் வீடுங்க."

"பாத்தா சீட்டு மாதிரி இருக்கு. வெளிய இருந்து சீட்டு கொண்டு வரக்கூடாது. அத அங்க கழட்டி வச்சுட்டு டோக்கன் வாங்கிக்க. போறப்ப எடுத்துக்கலாம்."

கோயில் வாசல்ல செருப்பு விடச் சொல்றாங்கள்ல, அந்த மாதிரி சொன்னான். நாச்சி மெதுவா, கழட்டினா செத்துருவேங்கன்னா. எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்கன்னான் தாண்டவன். முட்டை வெவரத்தச் சொன்னா. கடலுக்குத்தான் போறேன், ஒக்கார வரலன்னா. ஒக்காராதவங்களுக்குக் கரையில என்ன வேலைன்னு கேட்டான். அப்ப பாத்து ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பம் வாயி நெறைய மீனோட வந்துச்சு. தாண்டவன் முகமெல்லாம் பல்லா அந்தப் பக்கம் போயிட்டான். நாச்சி வலைக்கு அடியில நுழைஞ்சுட்டா.

நுழைஞ்சு என்ன பண்றது? பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல வெரல் நுழைய எடமில்ல. எடம் இருந்த இடத்துல காலு.

முதல்ல செங்கமலத்துக்கிட்ட போனா. கொஞ்சம் காலத் தூக்குனீங்கன்னா போயிடுவேன் மதினின்னா. செங்கமலத்துக்கு மனசு எளகிருச்சு. அதுவும் அஞ்சாறு பெத்ததுதான. ஐயோ, புள்ளத்தாச்சி, இந்த வெயில்ல பாவம்னு உச்சு கொட்டுச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆனா காலத் தூக்கல. தூக்குனா பன்னி முழுப் பெட்டியையும் புடிச்சுக்கும்னு, அப்படியே வலப்பக்கம் சுத்திப் போம்மான்னு வழி காட்டுச்சு. வலப்பக்கம் இருந்த கீரிப்பிள்ளை எடப்பக்கத்தக் காட்டுச்சு. எடப்பக்கம் இருந்த ஒடும்பு, வந்த வழியே போனா நல்லதுன்னுச்சு. எல்லாரும் பாவம்னாங்க. எல்லாரும் வழி சொன்னாங்க. ஒருத்தரும் வழி விடல.

நாச்சி ஊர்ந்தா. மூணு வரிசை அந்தப் பக்கம், மூணு வரிசை இந்தப் பக்கம். வெயில் ஏறிருச்சு. சங்குக்குள்ள வச்சிருந்த கொஞ்சூண்டு ஈரம் காய ஆரம்பிச்சுருச்சு. முட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறது அவளுக்குத் தெரிஞ்சுது. கடல் சத்தம் பக்கத்துலயே கேக்குது. கண்ணுல படல.

அப்பத்தான் நடு வரிசையில ஒரு பெரிய ஒடம்பு குறுக்க இருந்துச்சு. பொன்னாண்டிங்கற கழுதை. ரெண்டு மீன் பெட்டியை ஒண்ணாக் கட்டி அது மேல ஒக்காந்திருந்துச்சு. அதுக்கு நாலு கொளம்பும் வெடிப்பு. உப்புத்தண்ணியில நனைச்சா எரிச்சல் கொறையும்னு விடியறதுக்கு முன்னாடியே வந்த ஆளு.

நாச்சி அண்ணாந்து பாத்தா.

"அண்ணே, கால நனைச்சீங்களா?"

"எங்க தாயி. எந்திரிச்சா சீட்டு போயிடுமே."

"சீட்டு எதுக்குண்ணே?"

"கால நனைக்க வந்தேன்ல, அதுக்கு."

நாச்சி முதுகுச் சங்கை ஒரு தடவை ஆட்டிக் காட்டுனா. அப்புறம் சொன்னா.

"அப்ப சீட்டையும் தூக்கிட்டுப் போங்க. நான் பொறந்ததுலேருந்து அப்படித்தான் போறேன். என் எடத்த எவனும் புடிச்சதில்ல."

பொன்னாண்டி யோசிச்சுது. கழுதை யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? காது ரெண்டும் ரெண்டு பக்கம் போகும். தூக்குறதுன்னா அதுக்குப் புதுசா என்ன, வண்ணான் துணியிலேருந்து செங்கல் வரைக்கும் தூக்கின முதுகு. பெட்டி ரெண்டையும் ஒரு ஆட்டு ஆட்டி முதுகுல ஏத்திக்கிட்டு நின்னுச்சு.

காக்கா கத்துச்சு. தாண்டவன் ஓடியாந்தான். எந்திரிச்சுட்ட, சீட்டு காலின்னான்.

பொன்னாண்டி கோவப்படல.

"எந்த சீட்டு காலின்னு காட்டு தாண்டவா. ஆள ஒக்கார வையி, பாப்போம்."

தாண்டவன் பாத்தான். கழுதை ஒக்காந்திருந்த எடத்துல மணலு இருந்துச்சு. சீட்டு கழுதை மேல இருந்துச்சு. அவன் போட்ட சட்டத்துல, எந்திரிச்சா சீட்டு காலின்னு இருந்துச்சே தவிர, சீட்டும் சேந்து எந்திரிச்சா என்னன்னு இல்ல. காக்காயைப் பாத்தான். காக்கா வானத்தப் பாத்துச்சு.

பொன்னாண்டி நடந்துச்சு. அது போன அகலத்துக்கு வழி பொறந்துச்சு. பின்னாடியே நாச்சி.

அதப் பாத்த செங்கமலம் பன்னியைப் பாத்துச்சு. பன்னி செங்கமலத்தப் பாத்துச்சு. ஒரே பெட்டியை ஆளுக்கொரு முனையில புடிச்சுத் தூக்கிக்கிட்டு கெளம்பிருச்சுங்க. கீரிப்பிள்ளை கூடையைத் தலையில கவுத்துக்கிச்சு. ஒடும்பு பலகையை முதுகுல வச்சுக்கிச்சு. ஓணான் கொட்டாங்குச்சியைத் தொப்பியாட்டம் போட்டுக்கிச்சு. அரை நாழியில கரை பூரா நாற்காலிங்கதான் நடந்துச்சு, அடியில நாலு நாலு காலு. கல்யாண வீட்டுல பந்தல் பிரிச்ச மாதிரி இருந்துச்சு. வெளிய நின்னவனுங்க வலையை மிதிச்சு உள்ள வந்துட்டானுங்க. ஒக்காரத்தான் ஒண்ணுமில்ல, மணல்லயே விழுந்து பொரண்டானுங்க.

தண்ணி பட்டதும் எவனுக்கு நெனப்பு இருக்கும் பெட்டியைப் புடிக்கணும்னு? பொன்னாண்டி நாலு காலையும் அலையில வச்சு கண்ண மூடுச்சு. முதுகுல இருந்த பெட்டி நழுவி மெதந்துச்சு. செங்கமலமும் பன்னியும் தண்ணியை வாரி அடிச்சுக்கிட்டதுல அவங்க பெட்டி எப்ப போச்சுன்னு அவங்களுக்கே தெரியல. ஒவ்வொண்ணா எல்லாம் மெதந்து வரிசையா உள்ள போயிருச்சு.

தாண்டவன் கரையோரம் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுனான். புடிங்கடா, புடிங்கடான்னான். அவனுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணிக்கு மேல எறங்கல.

நாச்சி ஒரு சின்ன அலைக்குக் காத்திருந்தா. வந்துச்சு. சங்குக்குள்ளேருந்து ஒடம்ப வெளிய நீட்டி ஒரு ஒதறு ஒதறுனா. முட்டைங்க தண்ணி பட்ட கையோட வெடிச்சுதுங்க. புகை கலைஞ்ச மாதிரி கொஞ்ச நேரம் தண்ணி கலங்குச்சு. ஓரத்துல ஒரு சிட்டிகை அளவு முட்டை காஞ்சு ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. அத ரெண்டு தடவை தடவிப் பாத்தா. அப்புறம் விட்டுட்டா. மிச்சமெல்லாம் அடுத்த அலையில போயிருச்சு.

எல்லாருக்கும் பொதுவான எடத்துல சீட்டு குடுத்துப் பொழைக்கலாம், நடக்குற வழியை மறிச்சுப் பொழைச்சா அந்தப் பொழப்பு நெலைக்காது. நீதி அவ்வளவுதான்.

ஆனா தாண்டவனுக்கு அது ஏறல. நாச்சி தோப்புக்குத் திரும்பிப் போறப்ப ஈரக்காலோட வந்து அவ முன்னாடி நின்னான். பல்லக் கடிச்சுக்கிட்டு, இன்னைக்கு நீ தப்பிச்சுட்ட, உன் புள்ளைங்க என்னைக்காச்சும் இந்தக் கரைக்கு வந்துதானே ஆகணும், அன்னைக்குப் பாத்துக்கறேன்னான்.

நாச்சி நிக்கக்கூட இல்ல. போற போக்குல சொன்னா.

"வருவாங்கண்ணே. ஆயிரம் பேரு. எல்லாரும் சொந்த சீட்டோட வருவாங்க."